வேணும்னுதான் போட்டேன்

ஒரு நாளைக்கு ஒரு தப்பு. அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. என் கணக்கு வகுப்பின் சட்டம் இது. கரும்பலகையில் நான் எழுதுகிற வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு தப்பை வேண்டுமென்றே நுழைத்து வைப்பேன். மணி அடிப்பதற்குள் அதைப் பிடிக்கிற பிள்ளையின் பெயருக்கு எதிரே, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவேன். பத்துக் கோடு சேர்ந்தால் ஒரு நாள் வீட்டுப்பாடம் கிடையாது.

சின்ன விஷயம்தான். ஆனால் இதற்கு வந்து சேர எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கு முன்னால் நான் ஆடாத ஆட்டம் இல்லை. நோட்டில் நட்சத்திரம் ஒட்டினேன். அதைப் பிய்த்து அடுத்தவன் முதுகில் ஒட்டினார்கள். திட்டினேன். நான் திட்டுகிற மாதிரியே இடைவேளையில் ஒருத்தி நடித்துக் காட்டினாள், என்னைவிட நன்றாக. "நல்லா படிச்சா நல்லா இருப்பீங்க" என்று உருகினேன். கடைசி பெஞ்சில் ஒருவன் நிம்மதியாகத் தூங்கினான். இந்த ஒரு-தப்பு சட்டம் வந்த பிறகுதான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரும் இமை கொட்டாமல் கரும்பலகையைப் பார்த்தார்கள். டீச்சரைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் அவ்வளவு ஆசை.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், உங்க முறையைப் பாக்க மத்த ஸ்கூல்லேர்ந்து ஆசிரியர்கள் வர்றாங்க. ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டணும்" என்றபோது, "அதுக்கென்ன சார், பெரிய விஷயமா" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் எந்தப் புடவை என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த முப்பத்து நான்கு பேரில் சுவர் அட்டையில் ஒரு கோடுகூட இல்லாதவள் ஒருத்தி இருந்தாள். ஜன்னலோரம் உட்காருவாள். எதைக் கேட்டாலும் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள், 'உக்காரு' என்றால் உட்காருவாள். ஜன்னல் என்று என் மனதுக்குள் அவளுக்குப் பெயர். பட்டப்பெயர் வைப்பது கெட்ட பழக்கம் என்று வகுப்பில் உபதேசம் செய்பவள் நான்தான். மனதுக்குள் வைத்துக்கொண்டால் அது கணக்கில் வராது.

ஒரு திங்கட்கிழமை அவள் அம்மாவை வரச் சொன்னேன். அந்த அம்மா கடைகளுக்குச் சரக்கு போடுகிற வேன் ஓட்டுகிறவர். கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, வேனைப் பள்ளி வாசலை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு வந்தார்.

"டீச்சர், இவளா பேச மாட்டேங்கறா? லீவு நாள்ல என்கூட வேன்ல வருவா. ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் வாய் மூட மாட்டா. எங்க வேன்ல ரேடியோ ரிப்பேராகி ரெண்டு வருஷம் ஆச்சு, நாங்க சரி பண்ணவே இல்ல."

ஜன்னல், அம்மாவின் பக்கத்தில் நின்று தரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க கவலையே படாதீங்கம்மா" என்றேன். "இவள பேச வைக்கிறது என் பொறுப்பு. ஒரே வாரத்துல பாருங்க."

அவளை வைத்துக்கொண்டே இப்படிச் சொன்னேன். நல்லது செய்கிற நினைப்பில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காது இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோகும்.

மறுநாள் செவ்வாய். புத்தகத்துக் கணக்கு ஒன்றைப் போட்டு, அதன் நடுவில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதி, அன்றைய தப்பை முடித்துவிட்டேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறதே என்று வாய்க்கு வந்த கணக்கு ஒன்றைச் சொன்னேன்.

"ஒரு வேன் மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஊருக்குப் போகுது. அதே வழியில அறுபது கிலோமீட்டர் வேகத்துல திரும்பி வருது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?"

வேன் ஏன் என் வாயில் வந்தது என்று கேட்காதீர்கள். முந்தின நாள் அரை மணி நேரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே, அதுதான் வந்தது. நாற்பதும் அறுபதும் நூறு, இரண்டால் வகுத்தால் ஐம்பது என்று நானே மளமளவென்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது. முழுக்க எழவில்லை, காதைச் சொறிவது மாதிரி பாதியில் நின்றது.

"டீச்சர், அம்பது வராது."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. இவளுக்குக் குரல் இருக்கிறது என்பதே பலருக்குச் செய்தி.

"ஏன் வராது?"

"மெதுவா போறப்ப ரோட்டுல ரொம்ப நேரம் இருக்கோம்ல டீச்சர். வேகமா வர்றப்ப சீக்கிரம் வந்துடுறோம். அப்ப நாப்பதுலதான அதிக நேரம் ஓட்டுறோம்? அம்பதுக்குக் கீழதான் வரணும்."

நான் கரும்பலகையைப் பார்த்தேன். ஐம்பது என்னைப் பார்த்தது. அவள் சொல்வது சரி என்று வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது, மண்டைக்கு இன்னும் தெரியவில்லை. சரியான விடை என்ன என்று அந்த நிமிஷம் யாராவது என் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

'இரும்மா, எனக்கும் தெரியல, யோசிக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. நான் சொன்னது வேறு.

"சபாஷ்!" என்று கையைத் தட்டினேன். "யாராவது பிடிக்கிறீங்களான்னு பாத்தேன். வேணும்னுதான் போட்டேன்!"

வகுப்பு கை தட்டியது. ஜன்னலின் முகம் மலர்ந்ததே, அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. முதல் பெஞ்சில் ஒருவன் இருக்கிறான், எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவான், வகுப்பே அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடும். அவன் எழுந்தான்.

"டீச்சர், மேல ஏழெட்டு அம்பத்து நாலுன்னு போட்டிருக்கீங்க. அதுவும் தப்பு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான ரூல்? எப்படி ரெண்டு?"

"இன்னிக்கு ஸ்பெஷல்" என்றேன்.

"அப்ப அம்பது இல்லன்னா சரியான விடை என்ன டீச்சர்?"

"அத நீங்களே கண்டுபிடிச்சுட்டு நாளைக்கு வாங்க. எல்லாத்தையும் நானே ஊட்டணுமா?"

ஜன்னல் என்னைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள், எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள். அப்புறம் அவள் முகம் செத்துப்போனது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் என்னவென்று கேட்கவில்லை. மணி அடித்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடையைக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன். முதலில் ஐம்பது வந்தது. மறுபடியும் ஐம்பது வந்தது. நாற்பது நிமிஷம் கழித்துத்தான், தூரம் நூற்று இருபது கிலோமீட்டர் என்று வைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். நாற்பத்தெட்டு.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நாப்பதுல போயி அறுபதுல திரும்பி வந்தா சராசரி என்ன?"

"அம்பது" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பாசம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"ரெண்டு பேருமே மக்குன்னு ஆகிப்போச்சு. சரி, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"சபாஷ்னு சொன்னேனே."

"அது இல்ல. உனக்குத் தெரியலன்னு சொன்னியா?"

"அடுப்பப் பாருங்க, தீயுற வாசனை வருது" என்றேன். நிஜமாகவே தீய்ந்துபோயிருந்தது.

புதன்கிழமை வகுப்பில் யார் யார் விடை கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். வக்கீல் ஐம்பதுதான் சரி என்று புது வாதத்தோடு வந்திருந்தான். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலும்தான். நான் கம்பீரமாகக் கரும்பலகைக்குப் போய், நூற்று இருபது கிலோமீட்டர், மூன்று மணி, இரண்டு மணி என்று பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். வகுப்பு வாயைப் பிளந்தது. நடுவில் பெஞ்சுகளுக்கிடையே நடந்தபோது ஜன்னலின் நோட்டைப் பார்த்தேன். அதில் முதலிலேயே நாற்பத்தெட்டு இருந்தது. சுற்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருந்தாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பாட்டு. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தவன், "வேணும்னுதான் டீச்சர்" என்றான். வீட்டுப்பாடத்தில் பத்துக்கு ஏழு தப்பாகப் போட்ட ஒருத்தி, "வேணும்னுதான் போட்டேன் டீச்சர், நீங்க திருத்துறப்ப கவனிக்கிறீங்களான்னு பாக்க" என்றாள். திறந்த கோலுக்குள் பந்தை அடிக்கத் தெரியாமல் வெளியே அடித்தவனும் வேண்டுமென்றேதான் அடித்தானாம். அலுவலக உதவியாளர் ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னாடியே மணி அடித்துவிட்டு, ஹெட்மாஸ்டர் வந்து கேட்டதும், "எல்லாரும் முழிச்சிருக்காங்களான்னு பாத்தேன் சார். வேணும்னுதான்" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டிலும் விடவில்லை. ஒரு நாள் என் வீட்டுக்காரர் சமையலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். நான் முகத்தைச் சுளித்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"அந்த வார்த்தை மட்டும் வரக் கூடாது" என்றேன்.

நான் சிரித்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே குடைந்தது. ஒழுக்கம், நேர்மை என்று வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். அதிலிருந்து ஒரு வரியையும் எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொண்டதில்லை. வாய் தவறி நான் விட்ட ஒரு புளுகை மட்டும் முப்பத்து நான்கு பேரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பாடம் நடத்துகிறபோது அவர்கள் கற்பதைவிட, நான் அசடு வழிகிறபோது கற்பது அதிகம் போலிருக்கிறது.

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் படிவங்கள் என் மேஜைக்கு வந்தன. எட்டாம் வகுப்பிலிருந்து கணக்கில் இரண்டு பிரிவு. உயர் கணக்கு, பொதுக் கணக்கு. எது வேண்டுமென்று பிள்ளையே குறி போட்டு, 'காரணம்' என்ற இடத்தில் ஒரு வரி எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு தர வேண்டும். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. பொதுக் கணக்குக்குப் போனவர்கள் பிற்பாடு கணக்கை வைத்துப் படிக்கிற எந்தப் படிப்புக்கும் போக முடியாது.

ஜன்னலின் படிவத்தில் பொதுக் கணக்கில் குறி இருந்தது. காரணம்: 'எனக்குக் கணக்கு வராது.'

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடி இது? கணக்கு வராதா? வகுப்புல ஒருத்தராலயும் பிடிக்க முடியாத தப்ப நீதான பிடிச்ச?"

அவள் தரையைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் 'போ' என்று சொல்லவில்லை. நின்றேன். அவளும் நின்றாள். கடைசியில் அவள்தான் பேசினாள்.

"அது நீங்க எனக்காகப் போட்டது டீச்சர்."

"என்னது?"

"அம்மா வந்துட்டுப் போன மறுநாள் போட்டீங்க. என்னைப் பேச வைக்கிறேன்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல? அன்னிக்குத் தப்பு ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சு. எனக்குத் தெரியணும்னுதான் வேன் கணக்கா போட்டீங்க. எனக்கே புரியுற மாதிரி ஈஸியா." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர். ஆனா அதப் பிடிச்சதுனால எனக்குக் கணக்கு வரும்னு ஆகாதுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குப் புத்தி இல்லாமல் இல்லை. இருந்த புத்தியை எல்லாம் வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, கச்சிதமாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட தகவல்தான் பொய். கொடுத்தவள் நான்.

"இல்லடி கண்ணு" என்றேன். "அது நிஜத் தப்பு. எனக்கே தெரியாது. சத்தியமா சொல்றேன்."

அவள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"பரவால்ல டீச்சர். என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. அப்பவும் வேணும்னு செஞ்சீங்க, இப்பவும் அதான்."

போய்விட்டாள். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு உண்மை ஆறுதல் மாதிரிதான் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தனியாகக் கூப்பிட்டு எத்தனை தடவை சொன்னாலும் இவள் நம்பப் போவதில்லை. எனக்கு நஷ்டம் வருகிற இடத்தில் சொன்னால்தான் நம்புவாள். அப்படிப்பட்ட இடம் ஒன்று மறுநாள் காலை பத்து மணிக்குத் தயாராக இருந்தது.

வியாழக்கிழமை. வகுப்பின் பின்னால் இருபது நாற்காலி. வேறு பள்ளிகளின் ஆசிரியர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் புதுச் சட்டையில் கதவோரம் நின்றார். நான் இரண்டு நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்த புடவையில் வியர்த்துக்கொண்டு நின்றேன். ஆரம்பம் அமோகம். பின்னக் கணக்கில் நான் ஒளித்து வைத்த தப்பை ஒருத்தி பிடித்தாள், கோடு போட்டேன், பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள், பின்னால் இருபது பேனாவும் ஓடின. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 'இதோடு நிறுத்திக்கொண்டால் என்ன?' என்று எனக்குள் ஒருத்தி நைசாகக் கேட்டாள். ஜன்னலோ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரும்பலகையைத் துடைத்தேன். நாற்பது, அறுபது, ஐம்பது என்று எழுதினேன்.

"இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்! வேணும்னுதான் போட்டீங்க!" என்று வகுப்பு கோரஸ் பாடியது. பின்னால் சில பேர் சிரித்தார்கள்.

"இல்ல" என்றேன். "அது நிஜத் தப்பு. எனக்குத் தெரியாம போட்டேன். வேணும்னு போட்டேன்னு சொன்னது பொய்."

வக்கீல் மெதுவாக எழுந்தான்.

"டீச்சர், அப்ப சரியான விடை கேட்டப்ப நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்களே?"

"எனக்குத் தெரியல. அதான் அப்படிச் சொன்னேன்."

"மறுநாள் சூப்பரா விளக்குனீங்களே?"

"வீட்டுல நாப்பது நிமிஷம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அடுப்புல இருந்தது கருகிப்போச்சு. அன்னிக்கு ராத்திரி நாங்க சாப்பிட்டது வெறும் ரொட்டி."

முதலில் யாரோ ஒருவன் 'ஹி' என்றான். அப்புறம் வகுப்பே வெடித்தது. டீச்சருக்கு விடை தெரியவில்லை, டீச்சர் பொய் சொன்னார், டீச்சர் வீட்டில் சமையல் கருகியது. இதைவிடப் பெரிய கொண்டாட்டம் அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? ஹெட்மாஸ்டர் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது. என் காது இரண்டும் சுட்டது. அவமானமாக இருந்தது, அதைப் பூசி மெழுகுவானேன். ஆனால் நான் ஜன்னலை மட்டும்தான் பார்த்தேன். அவள் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சார், என்னைவிட மூத்தவர், கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் டீச்சர். இதுல தப்பு என்ன இருக்கு? அம்பது சரிதானே?"

பக்கத்தில் இருந்த அம்மையார், "ஆமா, நாப்பதும் அறுபதும் நூறு, பாதி அம்பது. எனக்கும் அதான் வருது" என்றார். இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் நோட்டில் போட்டுப் பார்த்து, "அம்பதுதாங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஜன்னலின் கை மேலே போனது. காதோரம் நிற்கவில்லை. முழுக்கப் போனது.

"சார், அம்பது வராது சார்."

"ஏம்மா வராது?"

அவள் எழுந்தாள். என்னிடம் கேட்கவில்லை, நேராக நடந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல், போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்ச் ரொம்பத் தாழ்வு. முட்டி இடித்தது.

"எங்கம்மா வேன் ஓட்டுறாங்க சார்" என்று ஆரம்பித்தாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. போகும்போது சரக்கு ஏற்றியிருப்பதால் நாற்பதைத் தாண்டாதாம். வரும்போது காலி வேன், அறுபதில் பறக்குமாம். போகிறபோது மூன்று கதை சொல்லி முடிப்பாளாம், வருகிறபோது இரண்டு கதைக்குத்தான் நேரம் இருக்குமாம். ஒரு கதைக்கு ஒரு மணி நேரம். ஆக, ஐந்து கதையில் மூன்று கதை நாற்பதில் ஓடியது, இரண்டு கதைதான் அறுபதில் ஓடியது. "அப்ப எப்படி சார் சரி பாதியா வரும்?" என்றாள். நான் கரும்பலகையில் செய்து காட்டியதைவிட இது நூறு மடங்கு தெளிவாக இருந்தது. எனக்கே அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

கண்ணாடி சார் விடுகிறவராக இல்லை. "இருந்தாலும் அம்பதுக்கு ஒரு நியாயம் இருக்கேம்மா" என்றார்.

"அம்பது வரணும்னா ரெண்டு பக்கமும் ஒரே நேரம் ஓட்டணும் சார். ஒரே தூரம் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "எனக்கு இது இத்தனை வருஷமா தெரியாதும்மா" என்று இருபது பேர் முன்னால் சொன்னார். அந்த மனுஷருக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. எனக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். ஹெட்மாஸ்டர் கதவருகே என்னை நிறுத்தி, "பொய் சொன்னேன்னு அவ்வளவு வெளிப்படையா சொல்லணுமா டீச்சர்? கொஞ்சம் நாசூக்கா..." என்று இழுத்தார். "சார், நாசூக்கா சொல்லித்தான் இத்தனை வம்பும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் முறையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் வாசல்வரை அந்த வேன் கணக்கைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஜன்னல் என் மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், நிஜமாவே தெரியலையா?"

"நிஜமாவே தெரியல."

"நான் சொன்னப்பகூட?"

"நீ சொன்னப்பகூடப் புரியல. நீ சொல்றது சரின்னு மட்டும் தெரிஞ்சுது. பயமா இருந்துது. அதான் புளுகிட்டேன். நீயா தப்பப் பிடிச்ச பெருமைய நான் திருடிட்டேன்டி. என்னை மன்னிச்சுடு."

ஒரு பிள்ளையிடம் இந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. சொன்னதும் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். மேஜைமேல் இருந்த கட்டிலிருந்து தன் படிவத்தைத் தானே தேடி எடுத்தாள். என் பேனாவையே வாங்கி, பொதுக் கணக்கில் இருந்த குறியை அடித்துவிட்டு உயர் கணக்கில் குறி போட்டாள். 'எனக்குக் கணக்கு வராது' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அதன் கீழே ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள்.

"அம்மாகிட்ட திருத்தத்துக்கு நாளைக்குக் காலைல கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன். நீங்க இப்பவே போட்டுடுங்க டீச்சர்."

படித்தேன். காரணம்: 'டீச்சருக்கே தப்பு வருது.'

இந்தத் தாள் நேராக ஹெட்மாஸ்டர் கைக்குப் போகும். கோப்பில் ஏறும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரிக்குக் கீழே, எழுத்து எழுத்தாகப் படிக்கிற மாதிரி, என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.